பதிவு செய்த எண்

மதிவதனி அந்த ஆப்காரர்களுக்கு நான்காவது முறையாகப் போன் போட்டபோது மணி பதினொன்று. வேங்கிக்காலில் அவள் தட்டச்சராக இருக்கும் அலுவலகத்தின் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி அவள் கணக்கிலிருந்து அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய் போய்க்கொண்டிருந்தது. பேங்க்காரன் ஏதோ பிடிக்கிறான் என்று இத்தனை நாள் விட்டிருந்தாள். முந்தின நாள்தான் உட்கார்ந்து மெசேஜை முழுதாகப் படித்தாள். மகள் ஓவியா எட்டாவது படிக்கும்போது சேர்த்துவிட்ட படிப்பு ஆப் அது. ஓவியா இப்போது வேலூரில் காலேஜில் படிக்கிறாள்.

மூன்று முறையும் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துத் துண்டித்தார்கள். இந்த முறை ஒரு பெண் எடுத்தாள்.

"நிறுத்தணும்னா பதிவு செஞ்ச நம்பருக்கு ஓடிபி வரும் மேடம். அதைச் சொல்லணும்."

"அது எந்த நம்பரு?"

கடைசி நான்கு எண்களைச் சொன்னதும் மதிவதனிக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் கலையரசன் நம்பர். அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூரில் தனம் என்கிற வேறொருத்தியோடு இருக்கிறான்.

"அந்த ஆளு என்கூட இல்லம்மா. பணம் என் கணக்குலேர்ந்து போவுது. நான் வேணாம்னு சொல்றேன். அது போதாதா?"

"புரியுது மேடம். ஆனா உங்க குழந்தை நல்லா யூஸ் பண்றாங்க. இந்த வாரம் மட்டும் பதினாலு பாடம் முடிச்சிருக்காங்க. இப்ப நிறுத்துனா அவங்க எதிர்காலம்தானே மேடம் பாதிக்கும்."

"எந்தக் குழந்தை?"

"கவியா மேடம். நாலாங்கிளாஸ்."

தனத்தின் மகள் பெயர் அது. மதிவதனி போனை வைத்தாள். காது மடல்கள் கொதித்தன. உள்ளே போய், தலைவலி என்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

அன்றைக்குப் பௌர்ணமி. செஞ்சிப் பக்கமிருந்து வந்த பஸ்களில் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் போக இவள் ஏறிய பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பொம்பளையைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று வழி நெடுக வார்த்தை சேர்த்தாள். புருஷனை எடுத்துக்கிட்ட, சரி. என் சம்பளத்துல உன் பொண்ணு படிக்கணுமா? இதைவிடக் கேவலமாகவும் சில வார்த்தைகள் சேர்ந்தன. சன்னமான குரலில் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள்.

கலையரசனின் கடை பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கட்டடம் தள்ளி இருந்தது. ஒரு பாதியில் செல்போன் கவர்களும் சார்ஜர்களும் தொங்கின. மறுபாதியில் தையல் மெஷின் போட்டு ஒருத்தி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் தனம் என்று சொல்லாமலே தெரிந்தது. மெல்லிய, நிறம் மங்கிய புடவை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

கலையரசன் எழுந்து வெளியே வந்தான். "இங்க எதுக்கு வந்த?"

"ஓடிபி வரும். அதைச் சொல்லு. போயிடறேன்."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவனை அவள் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அவன் முகம் சுருங்கியது.

"எதுக்கு ஓடிபி?"

"படிப்பு ஆப்பை நிறுத்தறதுக்கு. மூணு வருஷமா என் காசுல யாரு படிக்கிறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவன் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தான். "கத்தாத. ஓவியா விட்டுட்டா, சும்மாதான கெடந்துச்சு. சின்னப் பொண்ணு படிக்குது. உனக்கு அரசாங்க சம்பளம், இது ஒரு பெரிய காசா?"

"பெரிய காசு இல்லன்னா நீ கட்டு."

"ஓடிபி எல்லாம் தர முடியாது. ஆவறதப் பாத்துக்க."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. தனம் கையில் ஜாக்கெட் துணியோடு வாசலுக்கு வந்தாள்.

"எந்த ஆப்பு? கவியா படிக்கிறதா?" அவள் கலையரசனைத்தான் கேட்டாள். "அதுக்குத்தான மாசாமாசம் எங்கிட்ட எழுநூறு வாங்கறீங்க?"

அவன் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். தொங்கிய சார்ஜர் ஒயர் ஒன்றை நேராக்கினான்.

மதிவதனி பஸ்ஸில் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் வாய்க்குள்ளேயே நின்றது. திட்ட வந்தவளைத் திட்டவும் முடியாமல் போனதில் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது.

"என் கணக்குலேர்ந்துதான் போவுது," என்று போனை நீட்டினாள். "பாரு."

தனம் ஒவ்வொரு மெசேஜாகத் தள்ளிப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு ஜாக்கெட்டுக்குக் கூலி நூத்தைம்பது. எழுநூறுக்கு அஞ்சு ஜாக்கெட்டு," என்றாள் அவனைப் பார்த்து. பிறகு மதிவதனியிடம், "இவரு ஓடிபி உங்களுக்கு எதுக்குக்கா? நீங்க பணம் அனுப்புற ஆப்புலயே ஆட்டோபேன்னு ஒரு எடம் இருக்கும். அங்க போயி நிறுத்தினா பணம் போவாது. உங்க பின் நம்பரு போதும். சீட்டுப் பணத்துக்கு நான் அப்படித்தான் நிறுத்தினேன்."

"உன் பொண்ணு படிக்குதே."

"அது ஸ்கூல்ல படிக்கும். நிறுத்துங்க."

"தனம், நீ உள்ள போ," என்றான் கலையரசன். அவள் போகவில்லை.

மதிவதனி கடை வாசலில் நின்றபடியே தேடினாள். இருந்தது. தொட்டதும், இந்தத் தானியங்கிக் கட்டணத்தை ரத்து செய்யவா என்று கேட்டது. பின் நம்பரின் நான்கு எண்களையும் அழுத்தியதும் ரத்தானது என்று வந்தது. காலையிலிருந்து எவளோ ஒருத்தியிடம் கெஞ்சி, லீவு போட்டு, இந்த ஆளின் முகத்தில் முழித்து, கடைசியில் சாவி அவள் கையிலேயே இருந்திருக்கிறது. அந்த ஆப்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா நிறுத்திடுவேன்னு தெரியும் அவளுக்கு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

தனம் மெஷினுக்குத் திரும்பவில்லை. கலையரசனுக்கு எதிரே கையை நீட்டி நின்றாள். "எழுநூறு எழுநூறா எங்க போச்சுன்னு சொல்லுங்க."

மதிவதனி அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நன்றி என்று சொல்ல மனசு வரவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அந்த ஆட்டோபே பட்டியலை மறுபடி திறந்தாள். இன்னும் இரண்டு இருந்தன. ஒரு சினிமா ஆப், ஒரு பாட்டு ஆப். இரண்டுமே அவன் போட்டுவிட்டவை. கிரிவலக் கூட்டம் தோளில் இடிக்க இடிக்க இரண்டையும் நிறுத்தினாள்.

ஊர் எல்லையில் பஸ் நெரிசலில் நின்றபோது கலையரசன் போனில் கூப்பிட்டான்.

"அவகிட்ட என்னடி சொன்ன? என் பையைத் தூக்கி வெளிய போட்டுட்டா."

"நான் எதுவும் சொல்லலயே. அவ கேட்டதுக்கு நீதான் பதில் சொல்லல."

அவன் மேலே பேசுவதற்குள் வைத்துவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்தாள். உடம்பின் சூடு இன்னும் இறங்கவில்லை. "கோயில் ஸ்டாப்பு எறங்கறவங்க முன்ன வாங்க," என்று கண்டக்டர் கத்தினார். அவள் வீட்டுக்கும் அதே நிறுத்தம்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.