லூர்து நம்பரில் விழுந்த இரண்டு டிக்

லூர்துவுக்கு அனுப்பி மூன்று வாரமாக ஒரே ஒரு டிக்கோடு நின்றிருந்த மெசேஜ், கல்லறைத் திருநாளன்று காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு டிக் ஆனது. யமுனா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாகின. லூர்து படித்துவிட்டார். லூர்து செத்து இருபத்தோரு நாள் ஆகிறது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டின் முன்னறையிலேயே பன்னிரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்சி நடத்துகிறவள் யமுனா. இந்த ஏஜெண்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று மட்டும் வாயில் வராது. ‘பார்த்துச் சொல்றேன்’ என்று இழுத்தால் கஸ்டமர் அடுத்த ஏஜெண்டிடம் ஓடிவிடுவாராம். யமுனாவுக்கு அந்த வியாதி நன்றாக முற்றிப்போயிருந்தது.

பாலக்கரை லூர்து அவளுடைய பழைய கஸ்டமர். அவர் தெருவில் தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பட்டாசு வாங்குவார்கள். வருஷத்துக்கு ஒருவர் காரை எடுத்துக்கொண்டு சிவகாசி போய் மொத்தமாக அள்ளிவர வேண்டும். இந்த வருஷம் லூர்துவின் முறை. காலை பத்தரை மணிக்குக் கடை வாசலில் நின்றபடியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

“மேடம், பதினோரு பெட்டி இருக்கு. நம்ம கார்லயே ஏத்திக்கலாமா? ரூல்ஸு, இன்சூரன்ஸுன்னு எதுவும் பிரச்சனை வராதுல்ல? உங்களைக் கேட்டுட்டுத்தான் ஏத்தணும்னு ஜெஸ்லின் சொல்லி அனுப்பியிருக்கா.”

அவர் மனைவி ஜெஸ்லினின் பயத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே யமுனா பதில் பேசி அனுப்பினாள். “ஒண்ணும் ஆகாதுங்க. ஊரே அப்படித்தான் கொண்டுவருது. தைரியமா ஏத்துங்க.”

அனுப்பிய பிறகு மனசு உறுத்தியது. பாலிசியை எடுத்துப் புரட்டினாள். சொந்த உபயோகத்துக்கு மட்டும், சரக்கு ஏற்றக் கூடாது என்று கண் வலிக்கிற எழுத்தில் போட்டிருந்தது. கையோடு கொஞ்சம் வாங்கிவருவது வேறு. தெருவுக்கே பதினோரு பெட்டி என்றால் அது சரக்குதான், அதற்கென்று லைசென்ஸ் வாங்கிய வண்டியில்தான் வர வேண்டும். உடனே ஃபோன் போட்டிருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லக் கூச்சம். மத்தியானம் வரை தள்ளிப்போட்டு, கடைசியில் “ஏத்தாதீங்க சார். லைசென்ஸ் வண்டியில அனுப்பச் சொல்லுங்க” என்று எழுதிப் போட்டாள். அப்போது மணி இரண்டு. திருச்சி வரும் வழியில் துவரங்குறிச்சி தாண்டி லூர்துவின் கார் வெடித்து எரிந்தது ஒன்றரைக்கு என்று போலீஸ் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து தன் காரின் கதவைத் திறந்தாலே அவளுக்குக் கந்தக வாடை அடித்தது. வீட்டில் வேறு யாருக்கும் அடிக்கவில்லை. தீபாவளியன்று முதல் வெடிச் சத்தத்துக்கே கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒற்றை டிக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்தாள். மெசேஜ் போய்ச் சேரவில்லை என்றால் லூர்து இன்னும் எங்கோ வழியில் வந்துகொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு.

இப்போது ஃபோன் அடித்தது. திரையில் லூர்துவின் பெயர், சிரித்த முகம். யமுனா எடுத்தாள்.

“அக்கா, நான் ஜெஸ்லின். பயந்துட்டீங்களா? பேங்க் வேலைக்கு வேணும்னு அவர் நம்பர்லயே புது சிம் வாங்கினேன். பழசு எல்லாம் அந்த ஃபோனோட எரிஞ்சுபோச்சு. உங்க மெசேஜ் ஒண்ணுதான் வந்து விழுந்துச்சு.” அவள் குரல் உடைந்தது. “நீங்க ஏத்தாதீங்கன்னு சொல்லியும் ஏத்தியிருக்காரேக்கா! நான் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். எங்களைவிட அந்தப் பெட்டிங்க பெருசாப் போச்சா? இன்னைக்கு எல்லாரும் கல்லறைக்கு மெழுகுவத்தி எடுத்துட்டுப் போறாங்க. நான் போகமாட்டேன். வாங்கி வச்சதையும் தூக்கிப் போட்டுட்டேன். நீங்களாவது அக்கறையா ஒரு வார்த்தை சொன்னீங்க. நன்றிக்கா.”

மெசேஜின் நேரத்தைப் பார்க்கிற நிலையில் ஜெஸ்லின் இல்லை. யமுனா “ம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஃபோனை வைத்ததும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் கேட்டதும் இவள் பதில் பேசியதுமான மற்ற இரண்டு வாய்ஸ் மெசேஜும் உலகத்திலேயே இந்த ஒரு ஃபோனில்தான் இருக்கின்றன. அழுத்திப் பிடித்தாள். அழிக்கலாமா என்று ஃபோன் கேட்டது.

அழிக்குமுன் ஒருதரம் கேட்டுவிடலாம் என்று லூர்துவின் குரலை ஓடவிட்டாள். ‘கேட்டுட்டுத்தான் ஏத்தணும்னு ஜெஸ்லின் சொல்லி அனுப்பியிருக்கா.’ பெண்டாட்டி சொன்னதைத் தட்டாமல் கேட்ட மனுஷன். அவருக்கு இன்றைக்கு ஒரு மெழுகுவத்திகூட இல்லை.

யமுனா இரண்டையும் லூர்து நம்பருக்கே அனுப்பினாள். கீழே எழுதினாள்: “அவர் கேட்டார்மா. நான்தான் ஏத்தச் சொன்னேன். வேண்டாம்னு நான் எழுதினப்போ மணி ரெண்டு. அப்போ அவர் இல்லை.”

நீலமாகியது. லூர்து எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினார். தெருவில் யாரோ மிச்சம் மீதிப் பட்டாசைக் கொளுத்தினார்கள், யமுனா நகரவில்லை.

கால் மணி கழித்துப் பதில் வந்தது.

“கல்லறைக்குப் போறேன். நீங்க வராதீங்க.”

அதற்கு மேலே, சின்ன வட்டத்துக்குள், லூர்து சிரித்துக்கொண்டிருந்தார்.