மாமன் முகவரியில் நின்ற அழைப்பு

தொண்ணூற்று ஒன்பதில் செக்காலை ரோட்டில் நான் நடத்திய ஹேமாவதி கம்ப்யூட்டர் சென்டருக்குக் கல்யாணக்காரர்கள் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஈமெயிலில் அழைப்பு அனுப்ப வருவார்கள்; பந்தி போடாத குறையாக உட்கார்ந்து பேசுவார்கள்.

அமராவதிபுதூர் அருள்பிரகாசம் சாரும் அவர் மனைவி லூசியா டீச்சரும் மகள் ஜெரினாவின் கல்யாணத்துக்காக வந்தார்கள். துபாய், சிங்கப்பூர், கனடா என்று ஏகப்பட்ட முகவரிகள். ஒரே கடிதத்தை வரிசையாக எல்லோருக்கும் அனுப்பும் புரோகிராம் ஒன்று என்னிடம் இருந்தது. வரிசையில் முதல் பெயர் டீச்சரின் தம்பி சகாய ஆண்டனி, மஸ்கட்; அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் ஈமெயில் முகவரி. தாய்மாமனை அழைத்த பிறகுதான் மற்றவர்களை அழைக்க வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு அந்தத் தம்பி வரவில்லை, ஏன் என்று சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்காவது வருவானா என்ற கவலையில் டீச்சர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம்.

லைன் கிடைத்ததும் பட்டனைத் தட்டினேன். முதல் முகவரியிலேயே புரோகிராம் நின்றுவிட்டது. இந்த முகவரிக்குப் போகாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி, கீழே ஒரு கேள்வி: இதை விட்டுவிட்டு மேலே போகவா, நிறுத்தவா?

"விட்டுட்டுப் போகச் சொல்லுத்தா," என்றார் சார். "வேணும்னே தப்பாக் குடுத்துருக்கான். திமிரு புடிச்ச பய."

"நீங்க சும்மா இருக்கீகளா? என் தம்பிக்குப் போகாம ஒருத்தருக்கும் போகக் கூடாது."

"அப்ப கல்யாணத்துக்கு நீயும் நானுந்தான்."

எனக்கென்ன, மீட்டர் ஓடுகிறது. ஆனாலும் பொறுக்கவில்லை.

"சண்டைய வீட்டுல போயி போடுங்க டீச்சர். முகவரியில கம்பெனி பேரு தப்புன்னா அப்படி ஒரு இடமே இல்லைன்னு வரும். இங்க அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரே பதில் சொல்லுது, இந்தப் பேருல ஆள் இல்லைன்னு. இதே முகவரியில இருந்து முன்னாடி உங்களுக்கு மெயில் வந்துச்சா?"

"ஈஸ்டருக்கு வந்துச்சே. நீதான அச்செடுத்துக் குடுத்த?"

"அப்ப அவரு தப்பாக் குடுக்கல. அங்க வேலைய விட்டுட்டாரு, அம்புட்டுத்தான்."

இருவரும் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போய் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் பேசினார்கள். டீச்சர் திரும்பி வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வேலைய விட்டு எடுத்துட்டாகளாம். ஜூன்லயே ஊருக்கு வந்துட்டானாம். திருச்சியில ஒரு லாட்ஜுல ரூம் சாவி குடுக்குற வேலையாம். மாமன் சீர் செய்ய வழியில்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு, வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னுட்டானாம்." வாய்விட்டு அழுதார். "பாவிப் பய, ரெண்டு மணி நேர பஸ் தூரத்துல இருந்துருக்கான்!"

யாராவது அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

சார், "சாப்பாட்டுக்கு என்ன பண்றானாம்?" என்று கேட்டார்.

"அதக் கேக்கலையே."

"அத மொதல்ல கேக்க வேண்டாமா? என்னத்தப் பேசுன இவ்வளவு நேரம்?" என்று எரிந்து விழுந்தவர், அப்போதே திருச்சி பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். அழைப்பை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு டீச்சரும் பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேராக வந்தார்கள். சகாய ஆண்டனி உள்ளே வராமல் கதவோரமே நின்றார். மஸ்கட்டில் இருந்தவர் என்று சொல்ல முடியாதபடி இளைத்திருந்தார்.

"என் பேர எடுத்துட்டு மத்தவுகளுக்கு அனுப்பச் சொல்லுக்கா," என்றார், என்னைப் பார்க்காமலே.

டீச்சர் கணவரின் முகத்தைப் பார்த்தார். சார் தலையாட்டினார்.

"எடுத்துருத்தா," என்றார் டீச்சர். எடுத்தேன். முந்தின நாள் அந்த ஒரு பெயருக்காக இங்கே அத்தனை ரகளை நடந்திருக்கிறது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இப்பக் கடுதாசியத் தெற," என்றார் சார். "கீழ 'தங்கள் வரவை விரும்பும்'னு எங்க பேரு இருக்குல்ல? அதுக்கு மேல, சகாய ஆண்டனி, தாய்மாமன்னு அடி."

அடித்தேன். அந்த மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.