ஞாயிற்றுக்கிழமைக் காற்று

ரேணுகாவைப் பெண் பார்க்க வரும் நாளும் அவள் காற்றுப் பிடிக்க வேண்டிய நாளும் ஒன்றாகவே வந்து தொலைந்தன. தொண்ணூற்றெட்டாம் வருஷம். செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் எம்.பில். படித்துக்கொண்டிருந்தாள். ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த வீடு. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலைக் கெடுக்கிற வாயு. மூக்குக்கே தெரியாத அளவில் அது காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அவள் ஆய்வு. லாரிகள் குறைந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மட்டும் பாக்கி. காற்றை இழுக்க இரவல் வாங்கிய பம்பை மறுநாள் திருப்பித் தந்தாக வேண்டும்.

அதனால் பட்டுப்புடவையோடே மாடி ஜன்னலில் பம்பை ஓடவிட்டாள். அது வெளிக்காற்றை இழுத்து, கண்ணாடிக் குழாயிலிருந்த நிறமில்லாத திரவத்துக்குள் குமிழ் குமிழாக விட்டது. வாயு இருந்தால் திரவம் ரோஸாகும். அந்த ரோஸ் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கல்லூரியிலிருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சொல்லும். ஆனால் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். நேரமானால் வெளுத்துவிடும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரி சாப்பிட ஆரம்பித்தார்கள். காபித் தட்டை எடுக்குமுன் ரேணுகா ஒரு தடவை மாடிக்கு ஓடினாள். திரவம் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர்கீழே ஆளில்லாத வேன் ஒன்று, இன்ஜினை ஓடவிட்டபடி கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது.

பம்பை நிறுத்தி, குழாயும் கையுமாகக் கூடத்துக்கு வந்தாள்.

"அந்த வேன் யாரோடதுங்க? கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

அவள் அப்பா எல்லப்பன் கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றார். மாப்பிள்ளை தணிகைவேல் எழுந்தான். அந்த வேனை ஓட்டித்தான் பிழைப்பு நடத்துகிறவன்.

"ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுங்க. பேட்டரி வீக்கு. தள்ளணும்."

பிடித்த காற்றெல்லாம் வேன் புகையாகிப் போனதில் அவளுக்கு அழுகை முட்டியது. குழாயில் என்ன என்று அவன் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் சங்கடம் போய், ஆர்வம் வந்தது. தன் வேன் எவ்வளவு விட்டது என்று கணக்காகத் தெரியுமா என்றான். தெரியும், ஆனால் அடுத்த ரயில் வருவதற்குள் நிறம் போய்விடும் என்றாள். அப்படியென்றால் வேனிலேயே போகலாம் என்றான் அவன்.

ரெண்டு பேரும் தனியாகப் போவதாவது என்று எல்லப்பன் தயங்கினார். தணிகைவேலின் அம்மா கன்னியம்மா சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். எல்லாருமே போகலாம் என்றாள். போனார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டருகே இன்ஜின் நின்றுபோனது. பட்டுப்புடவைகளும் சலவை வேட்டிகளும் சேர்ந்து வேனைத் தள்ளின. குழாயை உயர்த்திப் பிடித்தபடி ரேணுகா ஒற்றைக் கையால் தள்ளினாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வண்டி உறுமிக் கிளம்பியபோது எல்லப்பனே சிரிப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் லேபைத் திறந்துவிட்டார். ரேணுகா திரவத்தைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி, கருவிக்குள் வைத்து மூடினாள். முள் நகர்ந்தது. கிராஃப் தாளில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"எவ்ளோங்க?" என்றான் தணிகைவேல்.

"திங்கக்கிழமை லாரிக் கூட்டத்தவிட ஜாஸ்தி. உங்க ஒரு வேன்."

"இன்னாடா இது, இத்தினி நாளா இதத்தான் மோந்துகினு கீறோமா?" என்றாள் கன்னியம்மா.

தணிகைவேல் தலையைச் சொறிந்தான். இந்தக் கணக்கையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்போவதாக ரேணுகா சொன்னதும், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம் மலர்ந்தது. அவளுக்கோ ஞாயிற்றுக்கிழமைக் காற்று இன்னும் கிடைத்தபாடில்லை. இன்னொரு குழாய் வீட்டில் இருக்கிறது என்றாள்.

திரும்பி வந்து, வேனை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்தார்கள். பம்பு மறுபடி ஓடியது. கீழே ஆறிப்போன பஜ்ஜியைச் சூடாக்கித் தின்றபடி பெரியவர்கள் நாள் பார்த்தார்கள். மாடியில், குமிழ்களுக்குப் பக்கத்தில் தணிகைவேல் மெதுவாகக் கேட்டான்.

"என்னைப் புடிச்சிருக்குதாங்க?"

"பேட்டரி மாத்துவீங்களா?"

"நாளைக்கே."

பிடித்திருக்கிறது என்றாள்.

இந்தத் தடவை ரயில் நேரம் பார்த்துப் பம்பை நிறுத்தி, ரயிலில் போனார்கள், எல்லப்பன் எதிர் சீட்டில். ரேணுகா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ரோஸ் இருக்கிறதா இல்லையா என்று தணிகைவேல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்க, அவளுக்கு வந்த சிரிப்பு செங்கல்பட்டு வரைக்கும் நிற்கவில்லை.