பள்ளி வேனில் படகுக்காரன் பொண்டாட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மகன், மருமகள், என் தங்கை, தெருமுனை மருந்துக்கடைக்காரர். பேத்தி உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தாங்களும் அங்கே இருந்ததாகவும் தங்கள் காதாலேயே கேட்டதாகவும் பிற்பாடு சிலர் சொல்லித் திரிந்தார்கள். எங்கள் முன்னறையில் ஆறு பேருக்கு மேல் உட்கார இடம் கிடையாது. அவர்கள் யாரும் அங்கே இல்லை.

நான் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் இன்னமும் 'ஆபீசர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி இந்தத் தெருவில் எவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசியதில்லை. மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோதுகூட, முதலில் என்னை உட்காரவைத்து ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டச் சொன்னேன். வளைவில் வேகத்தைக் குறைத்தாள், வயதானவர் ஒருவர் சாலையைக் கடக்கும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் சம்மதம் சொன்னேன். மற்றவர்களின் முணுமுணுப்பெல்லாம் அத்தோடு அடங்கிவிட்டது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மருந்துக்கடைக்காரர் அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய சரக்கு அறை பள்ளி விளையாட்டு மைதானத்தின் மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, மழலை வகுப்பு விடும்வரை, மருமகள் வேனை அந்த மதிலோரம்தான் நிறுத்திவைப்பாள். வீட்டுக்கு வந்து போனால் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். தினமும் அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இருக்கிறாள் என்பதை முதலில் கவனித்தவர் மருந்துக்கடைக்காரர். வெயில் தாங்காமல் அவள் கண்ணாடியை இறக்கியிருந்த ஒரு நாள், அவர் காதில் விழுந்ததை அவர் தன் மனைவியிடம் சொல்ல, அவர் மனைவி என் தங்கையிடம் சொல்ல, தங்கை ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

"என்ன கேட்டீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றேன்.

"நான் ஒட்டுக்கேக்கல ஆபீசர். காத்துல வந்தது." அவர் மருமகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "'இனிமே அந்த வீட்ல ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டேன். அந்தக் கிழவன் மூச்சு அடங்கறவரைக்கும் நான் எதுக்குக் காத்திருக்கணும்? விடியறதுக்குள்ள வந்துடறேன், நீ துடுப்போட நில்லு'ன்னு…"

மகனின் முகம் வெளுத்துவிட்டது. என் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அந்த வீட்டில் கிழவன் என்று சொல்லத்தக்க ஆள் ஒருவன்தான் உண்டு. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"ஐயோ மாமா, அது நான் இல்ல. அது படகுக்காரன் பொண்டாட்டி."

"எந்தப் படகுக்காரன்?" என்றாள் என் மனைவி.

"நம்ம ஊர்ல ஆறே இல்லையேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், உண்மையான கவலையோடு.

"கதையில வர்றவ. நான் ஒரு புஸ்தகம் எழுதிட்டிருக்கேன்."

"எழுதறவ எதுக்குடி பேசணும்?" என்று தங்கை விடவில்லை. "யாரும் இல்லாத வண்டியில உக்காந்து அவ்வளவு நேரமா பேசுவே? நான் என் வீட்டுக்காரர்கிட்ட கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ்வளவு பேசினதில்ல."

"மாமா வாயைத் திறக்க நீங்க எங்க அத்தை விட்டீங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுட்டுத்தானே இருக்காரு" என்று மகன் முணுமுணுத்தான். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மருமகள் போனை எடுத்து நடுமேசையில் வைத்தாள். அவள் பேசப் பேச அது பதிவு செய்துகொள்ளுமாம், எழுத்தாகவும் மாற்றித் தருமாம், தப்பும் தவறுமாகத்தான் வருமாம். பெட்ரோல் போடும் வரிசையிலும், என் மனைவியின் முழங்கால் டாக்டருக்காகக் காத்திருக்கும்போதும் அதைத் திருத்திக்கொள்வாளாம். அவள் ஒரு பொத்தானை அழுத்த, அவள் குரல் வந்தது. அவளுடையதுதான், ஆனால் எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல். காபி வேணுமா மாமா என்று கேட்கும் குரலில் இல்லாத ஒரு கனம் அதில் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கொடுமைக்காரக் கிழவன். அவனுக்குப் பணிவிடை செய்யவென்றே வைத்திருக்கப்பட்ட ஒருத்தி. இருட்டில் வாசற்படிவரை வந்து, திரும்பிப் பார்க்கிறாள். அங்கே பதிவு நின்றுவிட்டது.

"அப்புறம்? அவ போனாளா?" என்றாள் என் மனைவி.

"இன்னும் இல்ல அத்தை. நாளைக்குத்தான் தெரியும்."

"எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான் மகன். அவன் ஆலையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறவன். அவன் எழும்போது அவள் வேனில் இருப்பாள். அவள் படுக்கும்போது அவன் வேலையில் இருப்பான்.

"முடிக்க முடியுமான்னே தெரியல. முடிஞ்சா சொல்லலாம்னு இருந்தேன்." அவள் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்ல உக்காந்தா யாராவது கூப்பிடுவாங்க. குத்தமா சொல்லல. கூப்பிட்டா நானே எந்திரிச்சுடுவேன், அதான். வண்டியில மட்டும்தான் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

கதை என்று தெரிந்த பிறகும் விஷயம் முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் மனைவியின் வாய் அவ்வளவு சீக்கிரம் மூடுகிற வாய் இல்லை. இந்தப் பேச்சு பிள்ளைகளைப் பெற்றவர்கள் காதுக்குப் போனால், நாளைக்கு எவர் தன் குழந்தையை இந்த வேனில் ஏற்றுவார்? தங்கை ஒரு யோசனை சொன்னாள்: பேசாமல் வேனை வீட்டுக்கே கொண்டுவந்துவிடட்டும், உள்ளறையில் உட்கார்ந்து எழுதட்டும், நாங்க என்ன கையைப் புடிச்சா இழுக்கப்போறோம். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதை நான் பார்த்தேன்.

"யாரும் எங்கேயும் வர வேண்டாம். நாளையிலேர்ந்து நான் கூடப் போறேன்" என்றேன். "நான் அந்த வண்டியில உக்காந்திருக்கும்போது எவன் என்ன பேசறான்னு பார்க்கறேன்."

மறுநாள் சலவை செய்த சட்டையோடு முன்னிருக்கையில் ஏறினேன். பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தன. "தாத்தாவும் எங்க ஸ்கூலா?" என்று ஒரு குட்டி கேட்டது. "இல்ல, புது கண்டக்டர்" என்று இன்னொன்று விளக்கம் சொன்னது. நான் கதவுகளைச் சரிபார்த்தேன், ஜன்னலில் தலை நீட்டியவர்களை உள்ளே இழுத்தேன், தீயணைப்பானின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பிள்ளைகள் இறங்கியதும் வேன் திடீரென்று பெரிதாகிவிட்டது. சீட்டில் பிஸ்கட் தூள், ஒரு ஒற்றைக் காலுறை, யாரோ மறந்துபோன தண்ணீர்ப் புட்டி. மதிலோரம் மர நிழலில் நிறுத்தினாள். போனைக் கையில் எடுத்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துடைத்தாள்.

"நீ உன் வேலையைப் பாரும்மா. நான் இருக்கேன்னு நினைக்காதே" என்றேன்.

"சரிங்க மாமா."

பக்கத்தில் இருப்பதுதான் இடைஞ்சலோ என்று கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். குழந்தைகளுக்கான இருக்கை, முழங்கால் மோவாயைத் தொட்டது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். நேற்று போனில் கேட்ட குரல் வரவில்லை. மேலதிகாரி வருகைக்காகத் தயார் செய்து வைத்த அறிக்கையைப் படிக்கிற குரல்தான் வந்தது. அந்தக் கொடுமைக்காரக் கிழவன் அதில் 'பெரியவர்' ஆகியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. தெருவில் வாய்கள் மூடிக்கொண்டன. என்னைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே எழுந்து நின்று கும்பிட்டார். நான் நினைத்தது நடந்தது. ஆனால் மாலையில் மருமகள் என் மனைவியின் காலை நீட்டிப் பயிற்சி செய்யவைக்கும்போது, மனைவி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அவ போனாளா?"

"இல்ல அத்தை. இன்னும் வாசப்படியிலதான் நிக்கறா."

"பாவம்டி. எவ்வளவு நேரந்தான் நிப்பா? கால் வலிக்காது?"

பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எரிகிற வீட்டிலிருந்து ஆள் வெளியே வரும்போது, வாசலை மறித்துக்கொண்டு யாரும் நிற்கக்கூடாது, அதிகாரியே ஆனாலும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் அதைத்தான் முதலில் சொல்வோம்.

வெள்ளிக்கிழமை அவள் போனை எடுக்கவே இல்லை. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"மாமா, திங்கக்கிழமையிலேர்ந்து நேரா வீட்டுக்கே வந்துடறேன். அத்தைக்கும் கூடமாட உதவியா இருக்கும். உங்களுக்கும் எதுக்கு இந்த அலைச்சல்?"

"புஸ்தகம்?"

"அது கிடக்கட்டும் மாமா. பாப்பா வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." குரலில் வருத்தமே காட்டவில்லை. என்னால்தான் நின்றுபோனது என்று நான் நினைத்துவிடக் கூடாதே என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தாள். என் குடும்பத்து மருமகள்.

நான் எழுந்தேன். அந்தச் சின்ன இருக்கைகளுக்கு நடுவே எழுந்து நிற்பது எளிதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தேன்.

"கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நடந்துட்டு வரேன். மணியடிக்கறவரைக்கும் வர மாட்டேன்."

"வெயிலா இருக்கு மாமா…"

"நெருப்புலயே நின்னவன். வெயில் என்ன பண்ணும்? நீ கண்ணாடியை ஏத்திக்கோ. அந்தக் கிழவனை என்ன சொல்லணுமோ சொல்லு. பெரியவர் கிரியவர்னெல்லாம் மரியாதை குடுக்காதே. அவன் அதுக்குத் தகுதியான ஆள் இல்ல."

நான் திரும்பிப் பார்க்காமல் மைதானத்து முனைவரை நடந்தேன். வேனும் தெருவும் இரண்டும் தெரிகிற இடமாகப் பார்த்து, வேனுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஏற்றிய கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு, அடுத்த வீட்டில் கொதிக்கிற தண்ணீர் மாதிரி. அது மெதுவாக ஏறிற்று. ஒரு வார்த்தை தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்கடுத்தது விழுவதற்குள் நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான் நிற்கிறேன். நிழல் நகர்ந்தால் நானும் நகர்வேன். போகிறவர்கள் என்னையும் பார்க்கிறார்கள், வேனுக்குள் தனியாகக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவளையும் பார்க்கிறார்கள்.

மருமகள் மாமனாரை வேனிலிருந்து இறக்கிவிட்டு வெயிலில் நிறுத்திவைக்கிறாள் என்று இப்போது தெருவில் ஒரு பேச்சு. அது உண்மை இல்லை. நானாகத்தான் இறங்கினேன். கதவைச் சாத்தியதும் நான்தான்.