பேட்டரிக்கு அடியில் ஒரு தோல் துண்டு

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் என்னை "வாங்க டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். என் கையில் பிழைத்ததைவிடப் போனது ஜாஸ்தி, அதனால் அந்தப் பட்டம். அன்றைக்கு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பர்சனல் ஆபீசர் நத்தானியேல் மேசையைக் குத்திக்கொண்டிருந்தார். எதிரே அட்டெண்டன்ஸ் பார்க்கும் பெண் தபஸ்ஸும், சுவரை முறைத்தபடி.

"நெல்வின், திங்கக்கெழமை ஆனா இந்தம்மா கம்ப்யூட்டர் டைமை இருவது நிமிஷம் பின்னாடி தள்ளுது. வாணியம்பாடி பஸ்ல லேட்டா வர்ற தோஸ்துங்களைக் காப்பாத்தணும்ல?"

"நான் தொடவே இல்ல சார்."

"அப்போ பேய் வந்து தொட்டுச்சா?" அவர் கையில் வேலைநீக்க உத்தரவு இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. "உள்ள இருக்கிற செட்டிங்கை எல்லாம் அழி. புதுசா வாங்குனப்போ இருந்த மாதிரி ஆக்கு. ஒரு பாஸ்வேர்டு போட்டு எங்கிட்ட மட்டும் சொல்லு. அஞ்சு மணிக்கு இவ வெளிய."

நான் முதலில் செட்டிங் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தேன்.

"போட்டோ புடிக்கவாய்யா உன்னக் கூப்ட்டேன்?"

எடுக்காமல் அழித்தால், சில கம்ப்யூட்டர்களுக்குத் தன் ஹார்டு டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் போய்விடும். இதை நான் மூன்று பேருடைய கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டேன். மூவரும் இப்போது என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார்கள்.

அணைத்தேன். ஒயரைப் பிடுங்கினேன். மிச்ச கரண்ட் போகட்டும் என்று பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். என் உடம்பில் இருக்கும் கரண்டும் இறங்கட்டும் என்று இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டு மூடியைக் கழற்றினேன்.

"இதுக்கு உங்களுக்குத் தனியா காசு குடுப்பாராண்ணா?" என்றாள் தபஸ்ஸும் மெல்ல. "என் பேரைக் கெடுக்கத்தானே வந்தீங்க?"

பொத்தான் பேட்டரியை நெம்பினேன்; கரண்ட் இல்லாதபோது செட்டிங்கைக் காப்பது அதுதான், அதைக் கழற்றினால் எல்லாம் அழியும். அடியில் ஒரு தோல் துண்டு, நகம் அளவுக்கு. ஈரம் குடித்து, ஓரமெல்லாம் பச்சை பூத்து.

அதை எனக்கு நன்றாகத் தெரியும். போன மழையில் பேட்டரி ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள். அதைப் பிடிக்கும் கிளிப்பைப் புதிதாக வாங்க பஜாருக்குப் போகச் சோம்பல். கட்டிங் செக்ஷன் தரையில் கிடந்ததை எடுத்துச் செருகிவிட்டு, "ஃபாரினுக்குப் போற தோல், ஆயுசுக்கும் தாங்கும்" என்று பீற்றியவன் நான்தான். தோலில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் பேட்டரியைக் குடிக்கும். சனிக்கிழமை கம்பெனியில் மெயினை அணைத்துவிடுவார்கள். பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்ட வேண்டும். திங்கள் வரை நொண்டி நொண்டி ஓடி, இருபது நிமிஷம் பின்தங்கி நிற்கும்.

துண்டு என் உள்ளங்கையில் இருந்தது. சட்டைப் பை ரொம்பப் பக்கத்தில். புது பேட்டரி போட்டால் போதும், என் வேலை என்று யாருக்கும் தெரியாது. தபஸ்ஸும் பையில் டிபன் பாக்ஸை வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், டைமைத் தள்ளினது பேய்தான்" என்றேன். "அந்தப் பேய் நான்."

துண்டை அந்த உத்தரவின் மேலேயே வைத்தேன். சொல்லி முடித்ததும் நத்தானியேல் கத்தியது கேன்டீன் வரை கேட்டிருக்கும். "முட்டாள்! இனிமே கேட்டுக்குள்ள கால் வெச்சே..." என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

ஐந்து நிமிஷம் பேட்டரி இல்லாமல் விட்டு, கிளிப்பை நெருக்கி, புதியது போட்டேன். போட்டோவைப் பார்த்து டிஸ்க் செட்டிங்கைத் திருப்பி வைத்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. பாஸ்வேர்டு பற்றி அவர் கேட்கவில்லை.

நன்றி வரும் என்று திரும்பினேன். தபஸ்ஸும் அந்த உத்தரவைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"மூணு மாசமா எல்லாரும் என்னைத் திருடின்னாங்க. வாயில சொன்னா போதாது. எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

"தேதி?" என்றாள். "டைமும் போடுங்க. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து."