டால்பினுக்கு நின்ற படகு

என் மனைவி பஸ் டிரைவர். அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். ரிட்டயரானதும் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினோம். கட்டில், அடுப்பு, பாய்மரம், எஞ்சின் எல்லாம் உண்டு. கரையோரமாகவே ஊர் ஊராகப் போவதுதான் எங்கள் விடுமுறை. சுக்கான் அவள் கையில், விசில் என் கழுத்தில். ஒன்று ஊதினால் நிறுத்தணும், இரண்டு ஊதினால் கிளப்பணும். படகுக்கு எதுக்கய்யா விசில் என்று கேட்காத ஆள் இல்லை. பழக்கதோஷம், விடுங்கள்.

வம்பு டால்பினால் வந்தது. சமையல் நடக்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஒன்று துள்ளியது. அடடா, என்ன அழகு! என்னையறியாமல் ஒரு விசில் ஊதிவிட்டேன். அவள் உடனே எஞ்சினை அணைத்தாள். பஸ் என்றால் நின்றிருக்கும். படகு பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கியது. அடுப்பிலிருந்த சட்டி அவளுடைய புதுப் போர்வைமேல் போய்க் கவிழ்ந்தது.

"எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"டால்பின்..."

"டால்பின் டிக்கெட் எடுத்துச்சா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்திருந்தது. "டிரைவர்னா கொஞ்சம் சொந்த புத்தியும் வேணும்" என்றேன்.

அவள் கத்தவில்லை.

"யோவ் கண்டக்டர், அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கோ. பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நான் தனியா ஓட்டிக்கிறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் பையையும் அவளே கட்டினாள். சட்டைகளை மடித்து, பிரஷர் மாத்திரையை மேலாக வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

துறைமுகம் வந்தது. படகின் முனையில் கயிறும் கையுமாக நின்றேன். காலடியில் பை. கரையிலிருந்த காவலாளி கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினார். வேகத்தைக் குறைத்து, நூல் பிடித்தாற்போல் கரையை ஒட்டிப் படகைக் கொண்டுவந்தாள். கெட்டிக்காரி. இனி நிறுத்துவதற்கு என் ஒரு விசில்தான் பாக்கி.

நான் இரண்டு ஊதினேன்.

அவள் யோசிப்பதற்குள் அவள் கை எஞ்சினை முடுக்கிவிட்டது. எத்தனை வருஷத்துக் கை அது! நீட்டிய கையோடு காவலாளி பின்னால் போய்விட்டார். படகை ஒரு வட்டம் அடித்து, வந்த வழியே வெளியே கொண்டுபோனாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை.

"யோவ் கண்டக்டர், யாரோ இறங்கணும்னாங்களே?"

"அவரு இறங்கலையாம், டிரைவரம்மா."

காலடியில் கிடந்த பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

"அப்ப அந்த ஆளைப் போர்வையைத் துவைக்கச் சொல்லு."