கூப்பிடு தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே இருந்த தூரம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. விமானம் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தபோது காற்றின் தயவு என்றார்கள். எரிபொருள் நிரப்புகிறவர் மட்டும் நம்பவில்லை. "திருட்டுப் போனா குறையணும், இது மிஞ்சுதே சார்" என்று மேலதிகாரியிடம் முறையிட்டார். அளந்து பார்க்கப் போனவர்கள் நடுவில் இருந்த மலை மேடாகிவிட்டது என்று சொன்னார்கள். மலையில் குடியிருந்தவர்கள் கடைக்குப் போய்வரச் சௌகரியமாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார்கள். ஆனால் கால அட்டவணையில் பயண நேரம் நாற்பது நிமிஷம். அதை மாற்றத் தலைமையகம் ஒத்துக்கொள்ள வேண்டும். தலைமையகமோ தூரம் குறையும் என்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே விமானி மிச்ச நேரத்துக்கு வானத்தில் வட்டமடித்தார். பயணிகள் தங்கள் மொட்டை மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் நொந்துபோனவன் ஒருவன்தான். கிழக்கு நிலையத்தில் பெட்டிகளைக் கவனிக்கும் அவன், அங்கே மாற்றல் வாங்கிப் போனதே தூரத்துக்காகத்தான். மேற்கு நிலையத்தின் அறிவிப்பாளர் அவனுடைய அக்கா. அப்பா போய்ச் சேர்ந்த அன்று அவனும் மேற்கில்தான் வேலையில் இருந்தான்; மாலை விமானத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "அப்பாவை விட உனக்கு ஃப்ளைட்டு பெருசாப் போச்சு, இல்ல?" என்றாள் அக்கா, சொந்தபந்தம் எல்லாம் கேட்கும்படி. அந்த மாதமே கிளம்பிவிட்டான். அப்புறம் தினமும் அலுவலகத் தொலைபேசியில் பேசினார்கள். "கிளம்பிடுச்சு" என்பாள் அவள். "வந்துடுச்சு" என்பான் இவன். வேறு பேச்சு கிடையாது. சொன்னதை நினைத்து அவள் அழாத நாள் குறைவு, ஆனால் தொலைபேசியை எடுத்ததும் வாய் கட்டிக்கொள்ளும்.

கடைசியில் இரண்டு ஓடுபாதைகளும் ஒட்டிக்கொண்டன. இப்போது கூப்பிடு தூரம்தான். இரண்டு பேரும் கூப்பிடவில்லை. விமானம் மேலே எழும்புவதை விட்டுவிட்டு நாற்பது நிமிஷம் தரையிலேயே ஊர்ந்து போனது. அப்படியும் டிக்கெட்டுக்கு அடிதடிதான். பெண் கேட்கப் போகிறவர்கள், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் வேண்டியிருந்தது. அக்காவின் அறை ஜன்னலிலிருந்து தம்பி டீ குடிப்பது தெரிந்தது. அவனுக்கு வழுக்கை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

கடலுக்கு அப்பால் இருக்கும் நிலையத்துக்கு அவன் மாற்றல் கேட்டிருக்கிறான் என்ற சேதி அடுத்த வாரம் வந்தது. அவள் மாலை விமானத்துக்கு டிக்கெட் வாங்கினாள். பயணிகள் ஏறலாம் என்று தானே அறிவித்துவிட்டு, தானே ஓடிப்போய் ஏறினாள்.

"நடந்தே போயிடலாமே, எதுக்கு டிக்கெட்டு?" என்று கேட்டாள் கூட வேலை செய்பவள்.

"நடந்தா சீக்கிரம் போயிடுவேன்டி."

பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிழக்கில் அன்று தொலைபேசி அடிக்கவில்லை. சொல்ல வேண்டியவள்தான் உள்ளே இருக்கிறாளே. எதிரே ஊர்ந்து வரும் விமானத்தைப் பார்த்தபடி தம்பி படிக்கட்டு வண்டியின் பக்கத்தில் நின்றான். கதவு திறந்தது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றாள், கீழே இறங்குவதற்கு முன்பே.

அவன் படிக்கட்டு வண்டியைத் தள்ளிக் கதவோடு சேர்த்தான். பிறகு, "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டான்.

"ரொம்ப தூரம்டா."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். விமானம் அன்றும் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது.